படுவான்கரையில் வைத்த சுக்கான்

பிசினையும் ஹார்ட்னரையும் என்ன அளவில் கலப்பது என்று என்னிடம் கேட்காதீர்கள். அது டின்னிலேயே எழுதியிருக்கிறது, வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள்தானே நீங்கள். வாழைச்சேனைத் துறைமுகத்து வாடியில் தோணியும் வள்ளமும் திருத்தித் திருத்தி முதுகு வளைந்துபோய் இப்போது ஓட்டமாவடியில் வீட்டோடு இருக்கிறவன் நான். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, பால் விடாத பிளேன்ரியும் பணிசும் வைத்து, அண்ணன் முறை சொல்லி, "நானா, எங்களுக்கு நாலு விசயம் சொல்லுங்க" என்றால், டின்னில் எழுதாததைத்தான் சொல்ல முடியும். நாலெல்லாம் இல்லை. ஒன்றுதான் சொல்லப்போகிறேன்.

சாமான் குறைந்த தோணி ஒன்று வந்தவுடன் உங்கள் கை அளவு நாடாவுக்குப் போகிறது. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இல்லாத பலகைக்கு அளவெடுத்து, புதியது வெட்டிப் பூட்டி, வர்ணம் அடித்து அனுப்பிவிடுகிறீர்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அந்தச் சாமான் எப்படி இல்லாமல் போனது என்று ஒருவராவது பார்க்கிறீர்களா? உடைந்து போயிருக்கலாம், உக்கிப் போயிருக்கலாம், யாராவது கழற்றி எடுத்திருக்கலாம். மூன்றுக்கும் மரத்தில் வேறு வேறு அடையாளம் உண்டு. ஒருமுறை மீன்பெட்டி மூடி இல்லாமல் வந்த வள்ளம் ஒன்றுக்கு நான் பாடுபட்டுப் புது மூடி செய்து கொடுத்தேன். அடுத்த நாள் வள்ளக்காரரின் மனைவி பழைய மூடியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். அதில் கருவாடு காயப் போட்டிருந்தாளாம். வாடி முழுக்கச் சிரிப்பு. அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விசயம். இப்போது சொல்லப்போவது அப்படியில்லை.

நான் வேலையை விடுவதற்கு முந்திய வருடம், மட்டக்களப்பு டவுனிலிருந்து ஒரு டீச்சர் ஆள் அனுப்பினார். ரெஜினா டீச்சர். கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கணவர் இறந்து நீண்ட காலம், வாவிக்கரை வீட்டில் தனியாக இருந்தார். வளவின் பின்பக்கம் தகரக் கொட்டிலுக்குள் ஒரு சின்னப் பாய்த்தோணி கவிழ்த்து வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாவியில் ஓடுவதற்காக அவருடைய கணவர் ஒரு பறங்கி ஆசாரியிடம் சொல்லிச் செய்வித்தது. இரண்டு பேர் வசதியாக இருக்கலாம், மூன்றாவது ஆள் ஏறினால் முழங்கால் இடிக்கும். நல்ல கை. பலகையோடு பலகை பொருந்தியிருந்த விதத்தைப் பார்த்து, அந்த ஆசாரி எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பாய்மரம் இல்லை. பாய் இல்லை. சுக்கான் இல்லை. அடிப்பலகைகளில் கறையான்.

"எல்லாம் புதுசாப் போடோணும் நானா," என்றார் டீச்சர். "ஆத்துமாக்கள் திருநாளுக்கு முதல் முடிச்சுத் தருவீங்களா?"

கத்தோலிக்கச் சனங்கள் தங்கள் இறந்தவர்களின் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துகிற நாள் அது. நவம்பர் தொடக்கத்தில் வரும். தோணிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. என்னுடைய வாய் சும்மா இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். கேட்டுவிட்டேன்.

"என்ட மகனுக்குக் கல்லறை இல்ல," என்றார். "இந்தத் தோணிதான் இருக்கு. இதத் தண்ணியில இறக்கி, உள்ளுக்க மெழுகுதிரி கொளுத்தி, இறந்தவங்களுக்குச் சொல்ற செபத்த அவனுக்குச் சொல்லப்போறன். இவ்வளவு காலமும் சொல்லல்ல."

மகனின் பெயர் அன்ரன். சண்டைக் காலத்தில் டவுன் இருக்கிற எழுவான்கரைக்கும், வாவிக்கு மேற்கே வயல்கள் இருக்கிற படுவான்கரைக்கும் இடையில் பாதை அடிக்கடி மூடிக்கிடந்தது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். மருந்துகூட அங்கால் போக விடமாட்டார்கள். படுவான்கரையில் கூட்டாளி ஒருவனின் தாய்க்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, அன்ரன் குளிசைகளைச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு இந்தத் தோணியில் போயிருக்கிறான். திரும்பி வரவில்லை. பெரிய மழை ஒன்று பெய்து ஓய்ந்த பிறகு, வாவியோரக் கண்ணாப் பற்றைக்குள் மழைத்தண்ணீர் நிறைந்து கிடந்த தோணியை மீன்காரர்கள் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மரமும் இல்லை, சுக்கானும் இல்லை. கவிழ்ந்துவிட்டது டீச்சர் என்று சொன்னார்கள்.

டீச்சர் நம்பவில்லை. மகனின் படத்தைத் தூக்கிக்கொண்டு ஏறாத முகாம் இல்லை, நிற்காத வாசல் இல்லை. பிள்ளைகள் காணாமல்போன மற்றத் தாய்மாரோடு றோட்டோரத்தில் வெயிலில் இருந்தார். வயதாகி, சீனி வருத்தமும் வந்து, கால் வீங்கி நடக்க முடியாமல் போன பிறகுதான் அந்த மீன்காரர்களின் சொல்லைக் கையில் எடுத்திருக்கிறார்.

"இப்ப நான் நம்புறன் நானா," என்றார். "தண்ணிதான் கொண்டு போயிருக்கு. தண்ணி எண்டா ஒருத்தரும் அவன அடிச்சிருக்க மாட்டாங்க. கட்டி வச்சிருக்க மாட்டாங்க. கொஞ்ச நேரம் மூச்சு முட்டியிருக்கும், அவ்வளவுதானே?"

நான் குனிந்து கறையான் மண்ணைத் தட்டினேன்.

வேலையை அவர் வளவிலேயே வைத்துச் செய்தேன். பலகை மாற்றியது, இடுக்கு அடைத்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான், விடுங்கள். பாய்மரத்துக்குத் தடி பார்த்தாயிற்று, சுக்கானுக்குத் தேக்குப் பலகை வெட்டியாயிற்று. அதைப் பொருத்திப் பார்க்கத்தான் தோணியின் பின்பக்கம் போய் இருந்தேன்.

பின்பலகையில் பித்தளை வளையங்கள் இருக்கும், சுக்கானின் ஊசிகள் மேலிருந்து அதற்குள் இறங்கும். சுக்கான் தானாக மேலே எழும்பிப் போகாமல் குறுக்கே ஒரு சின்ன முளை. தோணி கவிழ்ந்து சுக்கான் பிடுங்குப்பட்டுப் போயிருந்தால் வளையம் நெளிந்திருக்க வேண்டும், திருகாணி மரத்தைக் கிழித்திருக்க வேண்டும். இங்கே வளையங்கள் ஆசாரி அடித்த நாளில் இருந்ததுபோல நேராக இருந்தன. முளை அதன் துளைக்குள் பத்திரமாகச் செருகியிருந்தது. சுக்கானைக் கழற்றிய ஆள் முளை தொலைந்துபோகக் கூடாது என்று திரும்பச் செருகிவிட்டுப் போயிருக்கிறான்.

அவன் வேறு ஏதாவது பத்திரப்படுத்தியிருக்கிறானா என்று பார்க்க எழும்பி முன்பக்கம் போனேன். மூக்குப் பலகைக்குக் கீழே கை மட்டும் போகக்கூடிய ஒரு பொந்து. அதைக் குளவி மண்ணால் அடைத்து வைத்திருந்தது. உடைத்துக் கையை விட்டேன். துணி அகப்பட்டது. பழைய சேட்டுத் துண்டு ஒன்றில் சுற்றி, நூலால் கட்டிய ஒரு பொதி. அவிழ்த்தால், பாய்மரம் ஆடாமல் இறுக்கி அடிக்கிற ஆப்புகள்.

இப்போதுள்ள பிள்ளைகள் என்ஜினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போகிறீர்கள். பாய் ஓடிய காலத்தில் வாவிக்காரருக்கு வேறொரு வழக்கம். தெரியாத கரையில் தோணியை விட்டுவிட்டு உள்ளே போக வேண்டுமென்றால், ஆப்பைத் தட்டி மரத்தைத் தூக்கி, சுக்கானையும் கழற்றி, கிட்டவுள்ள வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். சுக்கானும் மரமும் இல்லாத தோணியைக் கள்ளன் என்ன செய்வான்? அந்த வீட்டுக்காரரும் வைத்தவனிடம் ஊர் பெயர் கேட்கமாட்டார்கள். கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும். வருவான், எடுப்பான், போவான்.

ஆகவே அன்ரன் கவிழவில்லை. சேட்டு நனையாமல் கரை சேர்ந்திருக்கிறான். ஆறுதலாகத் தோணியைக் கட்டி, ஆப்புகளைச் சுற்றி வைத்து, மரத்தையும் சுக்கானையும் ஏதோ ஒரு வீட்டில் ஒப்படைத்துவிட்டு நடந்து போயிருக்கிறான். வெள்ளம் ஏறிக் கயிறு அறுந்து, தோணி மட்டும் மிதந்து போயிருக்கிறது.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். டீச்சர் தேத்தண்ணியோடு வந்தார்.

"என்ன நானா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"வெயில் டீச்சர்," என்றேன். கொட்டிலுக்குள் ஏது வெயில்?

வேலை தெரிந்தவனுக்கு வருகிற இக்கட்டு இதுதான் பிள்ளைகளே. புதுச் சுக்கானைப் பூட்டி, புது ஆப்பு அடித்து, பழைய பொதியை வாவியில் எறிந்துவிட்டு வந்திருக்கலாம். அந்த மரத்தை வாசிக்கத் தெரிந்தவன் அந்த வளவில் நான் ஒருவன்தான். டீச்சர் மெழுகுதிரி கொளுத்தியிருப்பார், செபம் சொல்லியிருப்பார், நிம்மதியாகப் படுத்திருப்பார். சொன்னால், தண்ணீர் கொண்டு போனது என்று அவர் எவ்வளவோ காலம் அழுது தேடிக்கொண்ட ஆறுதல் போய்விடும். கரை சேர்ந்தவனுக்குப் பிறகு என்ன நடந்தது என்ற கேள்வி வந்துவிடும். திருநாளும் கிட்டி வந்துவிட்டது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்தாள்.

"அரைகுறையாப் போய்ச் சொல்லி அந்த மனிசியக் கொன்றாதீங்க," என்றாள். "முதல்ல போய் என்னெண்டு பாருங்க. தெரிஞ்சதுக்குப் பொறகு மறைக்கவும் ஏலா. அது உங்களிட்ட இரிக்கிற அமானிதம்."

ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை நாங்கள் அமானிதம் என்போம். உரியவரிடம் சேர்க்கும்வரை அது தலையில் இருக்கிற பாரம். அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. தெரிந்ததால் கோபமும் வந்தது. சோறு தின்னாமல் படுத்தேன்.

காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வலையிறவுப் பாலத்தால் படுவான்கரைக்கு, வவுணதீவுப் பக்கம் போனேன். ஒரு காலத்தில் என்னுடைய முஸ்லிம் பெயரை வைத்துக்கொண்டு அங்கே போக நானும் யோசித்திருப்பேன், எங்கள் ஊருக்கு வர அவர்களும் யோசித்திருப்பார்கள். இப்போது வீட்டுக்கு வீடு தண்ணீர் தந்தார்கள். வாவியோரமாகவே போய், முந்தி யாராவது பாய்மரமும் சுக்கானும் வைத்துவிட்டுப் போனதுண்டா என்று கேட்டேன். கேட்டவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பொழுது சாய்கிற நேரம், கரையில் தனியாக இருந்த ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு வயதான மனுசி நெல் புடைத்துக்கொண்டிருந்தார். தெய்வானை அக்கா என்று பிறகுதான் பெயர் தெரிந்தது. அவரிடமும் அதையே கேட்டேன்.

சுளகை நிலத்தில் வைத்தார்.

"இப்பவா தம்பி வாறீங்க?" என்றார்.

அவர் கையைப் பிடிக்காத குறையாக என்னை உள்ளே கூட்டிப்போய் மேலே காட்டினார். கூரையைத் தாங்குகிற நடு வளையாக ஒரு நீண்ட, வழுவழுப்பான தடி. நுனியில் கயிறு ஓடுகிற உருளை பூட்டிய துளை அப்படியே இருந்தது.

"நாங்க இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வரக்குள்ள வீட்டுக்குக் கூரையே இல்ல. இந்த மரம் மட்டும் கிணத்தடியில கிடந்திச்சு. வேற வழியில்லாமப் போட்டம். ஆக்கள் வந்தாக் கழட்டிக் குடுக்கோணும் எண்டு ஆணி அடிக்கல்ல, கயிறுதான் போட்டுக் கட்டின. பாய எலி திண்டிட்டு. குறை நினைக்காதீங்க."

பிறகு நெல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து சாக்கில் சுற்றிய சுக்கானை எடுத்து வந்தார். இடம்பெயர்ந்தபோது அதை மட்டும் கையோடு கொண்டு போனார்களாம். யாரோ நம்பி வைத்த சாமானை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லையாம்.

"நல்ல புள்ள," என்றார். "மத்தியானம் வந்தான். பசிச்ச முகம். சோறும் தயிரும் குடுத்த. ஒரு முட்டித் தயிர முடிச்சுப்போட்டு, 'எங்கட அம்மா இதக் கண்ணிலயும் காட்டமாட்டா, எனக்குத் தொய்வு, மூச்சு முட்டும்' எண்டு சிரிச்சான். பொழுது படக்குள்ள வந்து எடுக்கிறன் எண்டு சொல்லித்து வயல் வட்டைக்குள்ளால நடந்தான். நான் பாத்துக்கொண்டுதான் நிண்ட. மறுகா வரல்ல."

"ஆரும் புடிச்சாங்களா அக்கா?"

"அண்டைக்கு வட்டைக்கு அங்கால றோட்டில ஒரு வாகனம் நிண்டதெண்டு சனம் பறைஞ்சது. ஆருட வாகனம் எண்டு ஆரும் கேக்கல்ல. கேக்கிற காலமா தம்பி அது? நான் அந்தப் புள்ளையிட்டப் பேரக்கூடக் கேக்கல்ல. கேட்டிருந்தா எங்கயாவது சொல்லி அனுப்பியிருப்பன்."

"அன்ரன்," என்றேன்.

"அன்ரன்," என்று அவரும் சொல்லிப் பார்த்தார். "தாய் இருக்காவா?"

ஓம் என்றதும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். நானும் அழுதேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த நாள் டீச்சரின் விறாந்தையில் சாக்கை அவிழ்த்தேன். நான் ஒன்றும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. சுக்கானின் கைப்பிடியில் சின்ன வயதில் யாரோ கொம்பாஸ் நுனியால் "அ" என்று கீறிய எழுத்தில் அவர் விரல் போய் நின்றது. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். முளை, ஆப்பு, வீடு, வாகனம், ஒன்றையும் மறைக்கவில்லை. வகுப்பில் பிள்ளை கணக்குச் செய்து காட்டும்போது கேட்பதுபோல நிமிர்ந்திருந்து கேட்டார்.

"நனையாமத்தான் போய்ச் சேந்தானா?"

"நனையல்ல டீச்சர்."

"சாப்பிட்டவனா?"

"சோறும் தயிரும் திண்டவர். தொய்வுக்கு நீங்க தயிர் குடுக்கிறதில்ல எண்டு சிரிச்சவராம்."

"தயிரா?" என்றார். அதற்கு மேல் இருக்க முடியவில்லை அவரால். எழும்பி உள்ளே போனார். உள்ளேயிருந்து வந்த சத்தத்தை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். நான் விறாந்தையில் என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒருவரும் அடித்திருக்க மாட்டார்கள் என்ற ஒன்றை வைத்துத்தான் அந்த மனுசி தூங்கியது. அதை நான் எடுத்துவிட்டேன். நான் செய்தது சரிதானா என்று நீங்கள் கேட்டால், சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அது சரியாக இருந்ததால் நெஞ்சு லேசாகவில்லை, இன்றைக்கும் இல்லை. தொழில் படிக்கிறபோது இதையும் சேர்த்துப் படியுங்கள். மரம் சொல்வதை வாசிக்கத் தெரிந்த ஆளுக்கு, வாசித்ததைச் சொல்லுகிற பொறுப்பும் சேர்ந்து வந்துவிடுகிறது.

சொன்ன நாளுக்கு வேலையை முடித்தேன். புது மரம், புதுப் பாய். ஆப்பு மட்டும் பழையது, அன்ரன் சுற்றி வைத்தது. திருநாளன்று டீச்சர் பூசைக்குப் போய்விட்டு வெள்ளைச் சேலையோடு கரைக்கு வந்தார். மெழுகுதிரியை எதிர்பார்த்து நான் முன்பலகையில் இடம் துடைத்து வைத்திருந்தேன். அவர் கையில் ஒன்றும் இல்லை.

"அக்கரைக்குப் போகேலுமா நானா? பழைய சுக்கானப் பூட்டுங்க. புதுசையும் உள்ளுக்குப் போடுங்க."

ஏன் என்று இந்த முறை நான் கேட்கவில்லை. பழைய சுக்கானின் ஊசிகள் வளையத்துக்குள் தட்டாமல் முட்டாமல் இறங்கின. காற்று மெல்லியதாக இருந்தது. டீச்சர் நடுப்பலகையில் இருந்து கைப்பிடியிலுள்ள அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் என் உள்ளங்கையை அதில் வைக்காமல் தள்ளிப் பிடித்தேன்.

தெய்வானை அக்கா தண்ணீருக்குள் இறங்கி நின்றிருந்தார். நான் முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு டீச்சர் அந்த வீட்டைப் பார்த்தார், அவன் இருந்து சாப்பிட்ட இடத்தைக் கேட்டு அதில் தானும் இருந்தார், வட்டைக்குள்ளால் போகிற வரம்பைப் பார்த்தார். மேலே கூரையில் கட்டியிருந்த மரத்தைப் பார்த்தபோது, கழற்றித் தருகிறோம் என்று தெய்வானை அக்கா அவசரப்பட்டார்.

"வேணாம் கா," என்றார் டீச்சர். "வீடு நிக்கட்டும்."

திரும்புகிற நேரம் வந்தது. பழைய சுக்கானைக் கழற்றித் தரச் சொன்னார். அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வீங்கிய காலோடு மணலில் மெல்ல மெல்ல நடந்து போய், தெய்வானை அக்காவிடம் கொடுத்தார்.

"இது அவன் உங்களிட்ட வச்ச சாமான்," என்றார். "நான் எடுக்கிறது முறையில்ல. வச்சவன் வந்து எடுக்கட்டும்."

தெய்வானை அக்கா மறுபேச்சுப் பேசாமல் வாங்கிப் பழையபடி சாக்கில் சுற்றினார். நான் புதுச் சுக்கானை வளையத்தில் இறக்கினேன். கண் மறைத்ததால் முளையைச் செருகக் கொஞ்ச நேரம் எடுத்தது.

டீச்சரைத் தாங்கித் தோணியில் ஏற்றினேன். ஒரு காலை உள்ளே வைத்தவர், என் தோளைப் பிடித்தபடி கரைப்பக்கம் திரும்பினார்.

"வந்தா சோறு குடுங்க கா," என்றார். "தயிர் மட்டும் குடுத்துராதீங்க. இரவைக்கு இழுக்கும் அவனுக்கு."

"ஓம் கா," என்றார் தெய்வானை அக்கா. "குடுக்கமாட்டன்."